நம்பர் மொதல்ல, சண்டை அப்பறம்

அந்த ஜன்னலைச் சித்தெ சாத்திக்கிறீங்களா அம்மிணி, காத்து மூஞ்சியிலயே அறையுது. ஆ, போதுமுங்க. நானும் தாராபுரந்தானுங்க. என்ற தங்கச்சி அங்கதான் இருக்கறா. நாகமணின்னு பேரு. இட்லி மாவு ஆட்டி விக்கறா. இல்லீங்க, விசேசமெல்லாம் ஒண்ணும் இல்லை. எதுக்குப் போறேன்னு சொல்லோணும்னா எங்க கம்பெனியை வித்ததுல இருந்து சொல்லோணும். நேரம் இருக்குதல்ல? இப்பத்தான பல்லடமே தாண்டியிருக்குது.

நான் கோயமுத்தூர்ல கிரைண்டர் கம்பெனியில பில் போடறவ. சாந்தாமணின்னா லாரிக்காரங்க அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு நாள் முதலாளி எல்லாத்துக்கும் மைசூர்பாகு குடுத்தாருங்க. அமெரிக்காவுல மகளுக்குக் கொழந்தை பொறந்திருக்குதாட்ட இருக்குதுன்னு நாங்களும் வாயில போட்டுட்டோம். அப்பறந்தான் சொல்றாரு, கம்பெனியைக் குர்கான்காரங்களுக்கு வித்தாச்சுன்னு. துப்பவும் முடியலை, முழுங்கவும் முடியலை.

பயப்படாதீங்க, ஒண்ணும் மாறாது, ரெண்டு கம்பெனி கம்ப்யூட்டரையும் ஒண்ணாக்கப் போறோம், அவ்வளவுதான்னாங்க. ஒண்ணாக்கினா செலவு மிச்சமாம். சினர்ஜி வரும், சினர்ஜி வரும்னு மீட்டிங்குக்கு மீட்டிங் சொன்னாங்க. நான் அது யாரோ ஒரு ஆபீசர் அம்மான்னு நெனைச்சு, வந்தா உக்கார வெக்கறதுக்கு ஒரு நாற்காலியைத் தொடைச்சு வெச்சிருந்தனுங்க.

பில் செக்‌ஷன்ல நாங்க மூணு பேரு. அதுல ரெண்டு பேரு டூப்ளிகேட்டுன்னு குர்கான் கம்ப்யூட்டர் சொல்லிருச்சு. கதிரேசன் பையைத் தூக்கிட்டுப் போயிட்டான். மயிலாத்தா அழுதா. நான் ஆறுதலாத்தான் சொன்னேன், "எதுக்கு அழுவற மயிலா, நானாச்சும் இருக்கறேனல்ல"ன்னு. அதுக்கு அவ என்னைப் பார்த்தா பாருங்க ஒரு பார்வை. எதுக்கு அப்பிடிப் பார்த்தான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு வெளங்கலை.

சரி, செலவு மிச்சமாச்சான்னு கேளுங்க. புது சாஃப்ட்வேரைச் சொல்லிக் குடுக்க நாலு பேரு ஏரோப்ளேன்ல வந்து ஓட்டல்ல தங்குனாங்க. அவங்க சொல்லிக் குடுத்தது புரியலைன்னு, புரிய வெக்க வேற ரெண்டு பேரு வந்தாங்க. பழைய கணக்கெல்லாம் பழைய மெசின்ல இருக்கறதால அதை நிறுத்த முடியாது. புதுசு ஓடறமாதிரி ஓடும், நின்னுக்கும். அதனால ரெண்டையும் ஓட்டினோம். ரெண்டுக்கும் தனித்தனி ஏசி ரூமு. எங்களுக்கு ஃபேனு.

அதுல பாருங்க, குர்கான்காரங்க லிஸ்ட்டுல கிரைண்டர்னு ஒரு சாமானே இல்லை. மிக்ஸி இருக்குது, ஃப்ரிட்ஜ் இருக்குது, கிரைண்டர் இல்லை. அந்த ஊர்ல இட்லிக்கு ஆட்டறதில்லையாக்கும். கம்ப்யூட்டர் பார்த்துச்சு, உருண்டையா இருக்குது, மோட்டார் இருக்குது, தண்ணி ஊத்தறாங்க. எல்லாத்தையும் வாசிங் மெசின்ல சேத்துருச்சு. ஈரோட்டுக் கடைக்காரர் போன் பண்றாரு, "ஏனுங்கம்மா, கிரைண்டர் கேட்டேன், வாசிங் மெசினுக்குப் பில் வந்திருக்குது, டப்பாவைத் தொறந்தா கிரைண்டர் இருக்குது, இப்ப நான் யாரை நம்பறது"ன்னு. வாரண்டி கார்டுல, உல்லன் துணி போடாதீங்கன்னு அடிச்சிருந்துச்சு. அந்தப் பில்லையெல்லாம் ஒண்ணொண்ணா திருத்தறதும் நாந்தான்.

இது கெடக்கட்டும். என்ற பாட்டைக் கேளுங்க.

புது சாஃப்ட்வேர்ல உள்ள போகோணும்னா போனுக்கு ஒரு நம்பர் வரும். ஓடிபி. ஆறு நம்பர். அதை அடிச்சாத்தான் கதவு தொறக்கும். மொத நாள் காத்தால உக்காந்து பேரை அடிச்சேன். நம்பர் அனுப்பியாச்சுன்னு வருது. என்ற போன்ல ஒண்ணையும் காணோம். மறுக்கா அடிச்சேன். அனுப்பியாச்சு. காணோம். கடைசியில ஓட்டல்ல தங்குன தம்பி ஒருத்தன் பார்த்துட்டுச் சொல்றான், "உங்க நம்பர் கடைசியில் நாலு எட்டுல முடியுதுங்களா மேடம்?"னு. அது நாகமணி நம்பர்.

எப்பிடின்னா, நான் வேலைக்குச் சேந்தப்ப எங்க ரெண்டு பேருக்கும் சேத்து எங்கப்பா வாங்கிக் குடுத்தது ஒரே போனு. பட்டன் போனு. கம்பெனியில அந்த நம்பரைத்தான் குடுத்திருந்தேன். அவ குடும்பத்தோட தாராபுரத்துக்குக் குடி போறப்ப போனையும் எடுத்துட்டுப் போயிட்டா. நான் வேற நம்பர் வாங்கி, அதையும் எழுதிக் குடுத்தேன். எங்க பழைய சாஃப்ட்வேர் ரெண்டாவது நம்பரைப் பார்க்கும். குர்கான் சாஃப்ட்வேர் மொத நம்பரைத்தான் பார்க்குமாம்.

"மாத்திக் குடு தம்பி"ன்னேன். "இப்ப முடியாது மேடம், டேட்டா எல்லாம் ஃப்ரீஸ்ல இருக்குது"ங்கறான். "எடுத்து வெளிய வெய்யி, எளகட்டும்"னேன். அதில்லையாம். ரெண்டு கம்பெனியும் ஒண்ணாகி முடியற வரைக்கும் ஒரு எழுத்தைக்கூட யாரும் மாத்தக்கூடாதாம். எப்ப முடியும்? அது அவனுக்குத் தெரியாதாம்.

பில் போடற ஐடியும் எங்க கெளைக்கு ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டு வாங்கினாச் செலவாம். வெளிய லாரி நிக்குது. உள்ள நான் நிக்கறேன். கதவுச் சாவி நாகமணிகிட்ட. அவளோட நான் பேசி அஞ்சு வருசம் ஆச்சு.

ஏன்னு கேக்கறீங்களா? நீங்களே ஞாயம் சொல்லுங்க. அவ பொண்ணு மேகலாவுக்குக் கண்ணாலம் வெச்சா. கூடப் பொறந்த அக்கா நான் ஒருத்தி. எனக்குப் பத்திரிகை எப்பிடி வருது? வாட்ஸ்அப்புல. மேகலா போன்ல இருந்து ஒரு போட்டோ. தட்டு இல்லை, வெத்தலை பாக்கு இல்லை, புருசன் பொண்டாட்டியா வந்து நின்னு அக்கா வாங்கன்னு ஒரு வார்த்தை இல்லை. நான் போகலை. போவனுங்களா? அன்னிக்கு நிறுத்துனதுதான் பேச்சு. என்ற ஊட்டுக்காரரு அதுக்கு முந்தியே போய்ச் சேந்துட்டாரு, பையன் பெங்களூருல. எனக்கென்னங்க, நிம்மதியாத்தான் இருந்தேன்.

அவளுக்குப் போயி நான் போன் பண்ணோணும். வெளிய லாரிக்காரர் காளியப்பண்ணன் ஹாரனை அமுக்கிட்டே இருக்கறாரு. பல்லைக் கடிச்சுட்டு அடிச்சேன். எடுத்தா.

"நான் சாந்தாமணி பேசறேன். உன்ற போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதைச் சொல்லு."

அவ கேக்கறா, "யாருய்யா நீ?"

"ஏப்புள்ள, நாந்தான். அக்கா."

"எங்கக்கா எனக்குப் போன் பண்ண மாட்டா. டீவியில டெய்லி சொல்றாங்க, ஓடிபி கேட்டா சொல்லாதீங்கன்னு. எங்கக்கா கொரல்லயே பேசிக் காசைத் திருடப் பார்க்கறயா? போலீசுக்குச் சொல்லிப்போடுவேன். வெய்யிடா போனை!"

வெச்சுட்டா. என்னை டாங்கறா!

மறுக்கா போட்டேன். இந்தத் தடவை மடக்கிக் கேள்வி கேக்கறா. "எங்கக்காதான்னா சொல்லு, சின்ன வயசுல என்ற கையில சூடு எப்பிடி ஆச்சு?" "பணியாரக் கல்லுல நீயா கையை வெச்ச." "பொய்யி. நீ தள்ளிவுட்ட." "நான் எங்கடி தள்ளினேன்? எட்டிப் பார்க்காதேன்னு புடிச்சு இழுத்தேன், நீ சாஞ்சுட்ட." அதுக்கப்பறம் மெதுவாச் சொல்றா, "அக்காதான். இந்தப் பொய்யை வேற யாரும் இத்தனை வருசம் மாத்தாம சொல்ல முடியாது."

அதுக்குள்ள நம்பருக்கு டைம் முடிஞ்சு போச்சு.

அன்னிக்குப் புடிச்சதுங்க சனி. கை வெக்காம சித்தெ நேரம் வுட்டா அந்த சாஃப்ட்வேர் நம்மளை வெளிய தள்ளிப்போடும். மறுக்கா நம்பர் வேணும். டீ குடிச்சுட்டு வந்தா நம்பர். பாத்ரூம் போயிட்டு வந்தா நம்பர். ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு எண்ணறதையே வுட்டுட்டேன். அத்தனை தடவையும் நாகமணி.

அவ சும்மா சொல்லுவாளுங்களா? மூணு நம்பர் சொல்லுவா. மூணு மூணா பிரிச்சுத்தான் சொல்லுவா. "ஏழு, ரெண்டு, ஒம்பது." நிறுத்திக்குவா. "மீதிக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். என்ற பொண்ணு கண்ணாலத்துக்கு ஏன் வரலை?" நான் வாட்ஸ்அப்பைச் சொல்லுவேன். அவ ஒண்ணு சொல்லுவா. நான் ஒண்ணு சொல்லுவேன். டைம் முடிஞ்சுக்கும். மூணு தடவை தப்பாப் போச்சுன்னா கம்ப்யூட்டர் பூட்டிக்கும். மேனேஜர் வந்து தலையில கையை வெச்சுட்டு நிப்பாரு.

நான் ஒரு யோசனை சொன்னனுங்க. "வாயில சொல்ல வேண்டாம், மெசேஜை அப்பிடியே எனக்குத் தள்ளிவுடு"ன்னு. அதுக்கு அவ, "மெசேஜ்ல பத்திரிகை அனுப்பினேன்னு அஞ்சு வருசம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டவளுக்கு நான் மெசேஜ்ல நம்பர் அனுப்புவனா? வாயால கேளு, வாயால சொல்றேன்"ங்கறா. எத்தனை திமிரு பாருங்க.

அப்பத்தான் அவ ஒரு கதை சொன்னா. அவளும் அவ ஊட்டுக்காரரும் தட்டெல்லாம் எடுத்துட்டு கணபதி ஏரியாவுல இருந்த எங்க ஊட்டுக்கு நேர்லயே வந்தாங்களாம். கதவு பூட்டியிருந்துச்சாம். அந்தி வரைக்கும் படியிலயே உக்காந்திருந்தாங்களாம். கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பத்திரிகையைக் கதவுக்கடியில தள்ளிவுட்டுப் போயி, பொறகு அக்காவுக்குத் தகவல் தெரியட்டும்னு போட்டோ அனுப்பச் சொன்னாளாம். நான் சொன்னேன், "நான் அதுக்கு முந்தின மாசமே சரவணம்பட்டிக்குக் குடி போயிட்டேனே"ன்னு. என்ற ஊட்டுக்காரரு போனதுக்கப்பறம் ஒருத்திக்கு எதுக்கு அத்தனை பெரிய ஊடு? "எனக்கு நீ சொன்னயா?"ங்கறா. சொல்லலைதான். சொல்லாட்டி என்னங்க, விசாரிச்சுட்டு வரோணுமல்ல? காலி ஊட்டு வாசல்ல அந்தி வரைக்கும் உக்காந்திருந்தா அது அழைப்பாயிருமா?

கம்ப்ளெய்ன்ட் குடுக்கலையான்னு கேப்பீங்க. குடுத்தனுங்க. குர்கான் ஹெல்ப்டெஸ்குக்கு எத்தனையோ கம்ப்ளெய்ன்ட். ஒவ்வொண்ணையும், சரியாயிருச்சுன்னு சொல்லி மூடிருவாங்க. சண்டை போட்டேன். "எது சரியாச்சு? ஒண்ணும் ஆகலையே?" அவன் சொல்றான், "மேடம், நீங்கதான் எங்க சர்வீசுக்கு அஞ்சுக்கு அஞ்சு மார்க் போட்டிருக்கீங்க. தென்னிந்தியாவுலயே ரொம்ப சந்தோசமான கஸ்டமர் நீங்கதான்." நான் எங்கீங்க போட்டேன்? அப்பறம் பார்த்தா, எங்க சேவை எப்பிடி இருந்துச்சு, ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் அமுக்குங்கன்னு மெசேஜ் போறது நாகமணி போனுக்கு!

"ஏப்புள்ள, அஞ்சு எதுக்கு அமுக்குன?"

"தமிழ்ல மரியாதையாக் கேட்டாங்கக்கா. அன்பான சாந்தாமணி அவர்களேன்னு. நல்லாத்தான் இருக்குதுன்னு அமுக்குனேன். பாவம், அவங்களுக்கும் மேல ஒருத்தரு கேப்பாங்கல்ல?"

என்ற பொறந்த நாளுக்குக் கம்பெனி வாழ்த்து அவளுக்குத்தான் போச்சு. யோகா தினத்துக்கு அவளைத்தான் கூப்பிட்டாங்க. "உங்க கம்பெனி ரொம்ப நல்ல கம்பெனிக்கா"ங்கறா.

இப்பிடியே போயிட்டிருந்தா லாரிக்காரங்க வுடுவாங்களா? ஒரு நாள் காளியப்பண்ணன் நேரா பில் ரூமுக்குள்ள வந்து என்ற கையில இருந்த போனைப் புடுங்கிட்டாரு. "ஏனுங்கம்மிணி, நான் லாரிக்காரன் பேசறனுங்க. நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுங்க, நான் வேண்டாங்கலை. அது உங்க குடும்ப விசயம். நான் பொழுதுக்குள்ள மதுரை போகோணும். நம்பர் மொதல்ல சொல்லிருங்க, சண்டை அப்பறம் போட்டுக்குங்க."

அது அவளுக்குப் புடிச்சுப் போச்சு. அண்ணன் சொன்னா சரிதான்னுட்டா. அன்னையில இருந்து அதுதான் சட்டம். ஆறு நம்பரையும் கடகடன்னு சொல்லிருவா. நான் அடிச்சு உள்ள போயிருவேன். அதுக்கப்பறம் போனை ஸ்பீக்கர்ல போட்டு மேசை மேல வெச்சுக்குவேன். அவளும் அங்க ஸ்பீக்கர்ல போட்டு மாவு ஆட்டிக்கிட்டே, நான் இங்க பில் அடிச்சுக்கிட்டே சண்டை போடுவோம். வேலை எத்தனை சுறுசுறுப்பா ஓடுச்சுங்கறீங்க! கேட்டுக்கிட்டே நிக்கறதுக்குன்னே லோடுமேனுங்க வருவாங்க. "அக்கா, அந்தப் பத்திரிகைத் தட்டு விசயத்தை வுட்டுட்டீங்களே"ன்னு எடுத்துக் குடுக்கறதுக்கு ஒருத்தன்.

குர்கான்ல இருந்து நிதின் சாருன்னு ஒருத்தர் வந்தாரு. ரெண்டு கம்பெனியும் எத்தனை தூரம் ஒண்ணாச்சுன்னு பார்க்கற அதிகாரி. தமிழ் ஒரு சொட்டுத் தெரியாது. சுவத்துல படம் போட்டுக் காட்டினாரு. கட்டம் கட்டமா இருக்குது. குர்கான்ல இருந்து ஒரு கோடு எங்க ஆபீசுக்கு. எங்க ஆபீசுல இருந்து ஒரு கோடு தாராபுரத்துக்கு. அங்க ஒரு கட்டத்துல நாகமணின்னு இங்கிலீசுல எழுதி, செவப்புக் கலர். ஆபத்துன்னு அர்த்தமாம். கடைசியில அவருக்கும் போன் போட்டுக் குடுக்க வேண்டியதாப் போச்சு. அவரு இங்கிலீசுல என்னமோ பேசறாரு. இவ, "தம்பி சாப்பிட்டீங்களா? அந்த ஊர்ல இட்லி கெடைக்குமுங்களா?"ங்கறா. மேனேஜர் மாத்திச் சொன்னாரு. அவரு சிரிச்சுட்டாரு. போறப்பப் பார்த்தா நாகமணி கட்டம் பச்சையாயிருச்சு. என்ற கட்டம் மஞ்சள்லயேதான் இருந்துச்சு. அது எதுக்குன்னு யாரும் சொல்லலை.

சரி, இதெல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. ஒரு நாள்...

அது ஒண்ணும் பெரிய விசயமில்லை. சண்டையில நாலு வார்த்தை வரத்தான செய்யும்? அன்னிக்கு அவ, "நீ வந்து வாழ்த்தியிருந்தா எத்தனை நல்லாருந்திருக்கும்"னா. நான் சொன்னேன், "நான் வராததே நல்லதாப் போச்சு. அந்தக் கண்ணாலந்தான் ஒரு வருசத்துல முறிஞ்சு பொண்ணு பொட்டியோட வந்து உக்காந்துக்கிச்சே"ன்னு. ஊருக்கே தெரிஞ்ச விசயங்க. இல்லாததையா சொன்னேன்?

ஸ்பீக்கர்ல கிரைண்டர் ஓடற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்பறம் அதுவும் நின்னுச்சு. லோடுமேனுங்க ஒவ்வொருத்தரா வெளிய போயிட்டாங்க. காளியப்பண்ணன் என்ற மூஞ்சியைப் பார்க்காம, "ஏம்மா இப்பிடி"ன்னாரு. அவருக்கென்னங்க தெரியும் எங்க ஊட்டு விசயம்?

மறுநாள் போன் போட்டா எடுக்கலை. அதுக்கு மறுநாள் தீவாளி லோடு. மெட்ராஸ்ல ஒரு பெரிய கடைக்காரன், அன்னிக்குப் பொழுதுக்குள்ள பில்லு வரலைன்னா ஆர்டர் வேண்டாம்னுட்டான். வரிசையா லாரி நிக்குது, கேட்டைத் தாண்டி ரோடு வரைக்கும். நான் போன் போடறேன், எடுக்கலை. போடறேன், எடுக்கலை. மேனேஜர் நிக்கறாரு. டீவியில குர்கான் வீடியோ கால்ல நிதின் சார் மூஞ்சி தெரியுது, அவருக்குப் பின்னாடி சுவத்துல பச்சைக் கட்டம் செவப்பாகிக்கிட்டு வருது. மேனேஜர் காதோட சொன்னாரு, "சாந்தாம்மா, இந்த ஆர்டர் போச்சுன்னா இந்தக் கெளையே வேண்டாம்னு ஒரு பேச்சு இருக்குது. மூடிருவாங்க."

எல்லாரும் என்னையே பார்க்கறாங்க. நான் என்னங்க பண்ணுவேன்? சாஃப்ட்வேர் செஞ்ச தப்புக்கு என்னைப் பார்த்தா?

பொழுது சாயற நேரம் எனக்குத் தெரியாத நம்பர்ல இருந்து ஒரு போன் வருது. "பெரியம்மா, நான் மேகலா, இது என் புது நம்பர். அம்மா போனை மாவு டிரம்முக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருந்தாங்க. இப்பத்தான் பார்த்தேன், உங்க கம்பெனி மெசேஜா வந்து நெறைஞ்சு கெடக்குது. அவங்க கடைக்கு மாவு போட்டுட்டு வர்றதுக்குள்ள சொல்லிடறேன். கடைசியா வந்ததைச் சொல்லட்டுங்களா?"

நான் சொன்னது அந்தப் புள்ளையைத்தானுங்க. அதுக்கும் தெரியும். ஸ்பீக்கர்ல பேசினா ரெண்டு பக்கமுந்தான கேக்கும்?

அது சொல்லுச்சு. நான் அடிச்சேன். தப்பாப் போச்சு. என்ற வெரல் போகலை, என்னமோ அந்தக் கீபோர்டு மக்கர் பண்ணுச்சு. "பரவால்லீங்க பெரியம்மா, இன்னொண்ணு வரச் சொல்லுங்க, நான் இருக்கறேன்"னு நின்னு பொறுமையாச் சொல்லுச்சு. ரெண்டாவது தடவையும் தப்பு. மூணாவதும் தப்பாப் போயிருந்தா பூட்டியிருக்கும். காளியப்பண்ணன் வந்து, "தள்ளுங்கம்மா"ன்னு அவரு ஒத்தை வெரல்லயே அடிச்சாரு. தொறந்துருச்சு. பில்லு ஒவ்வொண்ணா ஓடுச்சு, லாரி ஒவ்வொண்ணா நகந்துச்சு. போனை வெக்கறதுக்கு முன்னாடி அந்தப் புள்ளை கேக்குது, "பெரியம்மா, நீங்க நல்லாருக்கீங்களா? தனியாவா இருக்கீங்க?"ன்னு.

அந்த ஏசி ரூமுல இருந்து வர்ற காத்து கண்ணுக்கு ஆகறதில்லை அம்மிணி. அன்னிக்கு ரொம்ப எரிஞ்சுச்சு.

மறுநாள் நாகமணியே எடுத்தா. எடுத்து, ஆறு நம்பரையும் சொன்னா. வெச்சுட்டா. அவ்வளவுதான். சண்டை இல்லை. மறுநாளும் அப்பிடியே. நம்பரு, வெச்சுட்டா. ஒரு வாரம் இப்பிடி. நீங்களே சொல்லுங்க, கூடப் பொறந்தவளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? நான் என்ன மெசினா? "மழை பெஞ்சுதா அங்க?"ன்னு நானா கேட்டேன். "பேயலை"ன்னுட்டு வெச்சுட்டா. லோடுமேனுங்களும் உள்ள வர்றதில்லை. கீபோர்டு சத்தம் மட்டும் கேக்கும். அப்பிடி ஒரு சத்தம் அந்த ரூமுல இருக்குதுன்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

அப்பறம் ஒரு நாள் ஃப்ரீஸ் எளகிருச்சு. ரெண்டு கம்பெனியும் ஒண்ணாயிருச்சுன்னு குர்கான்ல கேக்கு வெட்டினாங்களாம். எங்களுக்கு அந்தக் கேக்கோட போட்டோவை அனுப்பி வெச்சாங்க. என்ற நம்பரையும் சரி பண்ணிட்டாங்க. காத்தால உக்காந்தேன், பேரை அடிச்சேன், டிங்னு என்ற போன்லயே நம்பர். அடிச்சேன். தொறந்துச்சு. முடிஞ்சு போச்சு வேலை. எல்லாரும் கை தட்டினாங்க.

கை தட்டி முடிஞ்சு எல்லாரும் போயிட்டாங்க. எனக்குக் கை பழக்கமுங்க, தானா நாகமணிக்குப் போட்டுருச்சு. அவ எடுத்தா. "நம்பர் சொல்லு"ன்னுட்டேன். வாய் பழக்கம்.

அவ "இரு"ன்னா. "கை மாவா இருக்குது, தொடைச்சுட்டு வாரேன்"னா. வந்தா. மூணு மூணா பிரிச்சு ஆறு நம்பர் சொன்னா.

நம்பர் என்ற போனுக்குத்தான வருது? அவ போனுக்கு எதுவும் போகலையே? எந்த நம்பரை இவ படிக்கறா?

சரி, ஏதோ பழைய மெசேஜைப் பார்த்துச் சொல்லியிருப்பான்னு நெனைச்சேன். மறுநாளும் போட்டுக் கேட்டேன். வேற ஆறு நம்பர் சொல்றா. அதுக்கு மறுநாள் இன்னொண்ணு. எழுதி வெச்சுப் பார்த்துட்டேன், ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லை. தெனமும் புதுசு புதுசாச் சொல்றா. சொல்லி முடிச்சுட்டு, "நம்பர் மொதல்ல சொல்லிட்டேன். இப்பச் சொல்லு, அந்தப் பத்திரிகைத் தட்டுக்கு நீ அன்னிக்கு என்ன சொன்ன?"ன்னு பழையபடி ஆரம்பிச்சுக்கறா. நானும் ஸ்பீக்கர்ல போட்டுருவேன். ரெண்டு வாரமா இதுதான் நடக்குது.

எத்தனை பெரிய பொய்க்காரின்னு பாருங்க அம்மிணி! ஒரு மெசேஜும் வராத போனைக் கையில வெச்சுக்கிட்டு, ஒரு கூச்சம் இல்லாம, நாலு, ஒண்ணு, ஏழுன்னு வாய்க்கு வந்ததை எனக்கே படிச்சுக் காட்டறா. நான் ஏமாளியாட்ட இருக்கறனுங்களா? கூடப் பொறந்த அக்காகிட்ட இப்பிடியா பொய் சொல்றது?

என்ன கேக்கறீங்க? நான் எதுக்கு இன்னும் போன் பண்றனா? அது வேறீங்க. அது பேக்கப்பு. குர்கான்காரன் எப்ப எதை மாத்துவான்னு யாரு கண்டா? நாளைக்கே மறுபடியும் ஃப்ரீஸ் ஆச்சுன்னா? பேக்கப் இல்லாம கம்பெனி நடத்த முடியாதுன்னு நிதின் சாரே சொல்லியிருக்கறாரு. என்ற போன்ல வர்ற நம்பரைத்தான் அடிக்கறேன். அவ சொல்றதைச் சும்மா கேட்டுக்குவேன், அவ்வளவுதான்.

இன்னிக்கு லீவு போட்டுட்டுக் கெளம்பிட்டேன். அவகிட்டச் சொல்லலை. சொல்லாம போனாத்தான புடிக்க முடியும்? நேரா அவ ஊட்டுல போயி, அவ எதிர்க்கவே ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கிட்டு, என்ற போன்ல இருந்து அவ போனுக்குக் கூப்பிட்டு, "நம்பர் சொல்லு"ங்கப் போறேன். என்ற மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு எப்பிடிச் சொல்றான்னு பார்க்கறேன்.

மேகலாவும் அங்கதான் இருக்கும். அதுங்கிட்டயும் ரெண்டு வார்த்தை பேசோணும். என்ன பேசறதுன்னுதான் பஸ் ஏறினதுல இருந்து யோசிக்கறேன், ஒண்ணும் வரமாட்டேங்குது. சரி, போனாத் தன்னால வரும்.

அந்த மஞ்சப்பையைச் சித்தெ எடுத்துக் குடுங்க அம்மிணி, குண்டடம் வந்துருச்சாட்ட இருக்குது. கனமாத்தான் இருக்கும். நாலு நாளைக்கு மாத்துச் சேலை வெச்சிருக்கறேன். விசாரிக்கறதுன்னா ஒரு நாள்ல முடியற காரியமுங்களா?